மரம்: போதுமானது

ஆல்மோஸா நகராட்சியின் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. நாற்பது ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் என் குப்பையை எடுத்துச் செல்கிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் என் தம்பி ஈவார் தோர்னெலின் பெயரை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை எழுதிவைப்பது, குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில், என் கடமை. இதில் உள்ளவை பெரும்பாலும் நகராட்சியின் கூட்டக் குறிப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சுவீடனில் எந்தக் குடிமகனும் எந்த அலுவலகத்துக்கும் போய், எதற்கு என்று சொல்லாமலே, எந்தக் காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்கலாம். நான் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் வாங்கினேன். கொடுத்த பெண் முகம் சுளிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் குறை சொல்ல முடியாத ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் தாத்தா ரயில்வே எடைமேடையில் இருந்தார். அப்பாவும், அவருக்குப் பின் நானும், காகித ஆலையின் கிட்டங்கியில் இருந்தோம். தோர்னெல் என்று கையெழுத்திட்ட இருப்புச் சீட்டை இந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை எண்ணிப் பார்த்ததில்லை. தம்பி என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ஐம்பத்தாறு ஆகிறது. கணினி நிரல் எழுதுகிறான். தனியாக, வீட்டிலிருந்தே வேலை. கிட்டங்கி வாசலை மிதிக்காதவன் என்றாலும் எண்ணிக்கையில் அவனும் தோர்னெல்தான்.

ஆல்மோஸாவிலிருந்து ஆட்கள் பெரிய நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். இதைத் தடுக்க ஒரு கணினி விளையாட்டு செய்யலாம் என்று நகராட்சி முடிவெடுத்தது. எதையும் இறக்கிக்கொள்ளத் தேவையில்லாமல், உலாவியில் திறந்த உடனே விளையாடக்கூடிய சின்ன விளையாட்டு. பெயர் ‘குடில் கட்டு’. வேலை ஈவாருக்கு வந்தது. மூன்று வாரத்தில் முடித்துவிட்டு, என் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக் காட்டினான்.

திரையின் மேலே மூன்று எண்கள்: மரம், கல், பழம். மரத்தைச் சொடுக்கினால் மரம் ஒன்று கூடும். கல்லைச் சொடுக்கினால் கல். கீழே செய்யக்கூடிய பொருள்களின் பட்டியல். கோடரிக்கு மரம் ஒன்று, கல் இரண்டு. பலகைக்கு மரம் மூன்று. குடிலுக்குப் பலகை இருபது, கல் பத்து, கட்டுகிறவர் சாப்பிடப் பழம் ஐந்து. பொருள்கள் போதாவிட்டால் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அழுத்த முடியாது. போதுமென்றால் பச்சையாகும்.

“அண்ணா, மொத்த விளையாட்டும் இந்த மூணு வரிதான்,” என்றான். “பட்டியல்ல கேட்டதெல்லாம் இருக்கான்னு முதல்ல பாக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் எதையும் தொடாது. எல்லாம் இருந்தா மொத்தமா கழிக்கும். அப்புறம் பொருளைக் கொடுக்கும்.”

“மரத்தைக் கழிச்சுட்டு, கல்லு இல்லைன்னு பாதியில நின்னுட்டா?”

“நிக்காது. அதுக்குத்தானே முதல்ல பாக்கறது.”

முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் பென்சிலால் செய்த வேலை அது. இருக்கிறதா பார், கழி, கொடு. இந்த வரிசையை மாற்றினால் ஆலை நின்றுவிடும். நான் தலையாட்டினேன். அவர்கள் தொழில் வழக்கப்படி, நிரலின் தலையில் ‘எழுதியவர்: ஈவார் தோர்னெல்’ என்று எழுதியிருந்தான். அது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

விளையாட்டை மார்ச் மாதம் ஒப்படைத்தான். அடுத்த நாளே வெளியிட்டிருக்கலாம். ஆனால் துறைகளின் கருத்தைக் கேட்காமல் ஆல்மோஸா நகராட்சி ஒரு பூந்தொட்டியைக்கூட இடம் மாற்றாது. விளையாட்டு பதினொரு துறைகளுக்குச் சுற்றுக்கு அனுப்பப்பட்டது. பிறகு கூட்டங்கள் தொடங்கின.

கூட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள், ஆகையால் யார் யாருக்கு மேலே என்று தெரியாது. காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வரும். ஒருவர் பேசி முடித்ததும் சற்று நேரம் மௌனம் இருக்கும். பிறகு தலைவர், “கூட்டம் இதை ஏற்கிறதா?” என்று கேட்பார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். எதுவும் சொல்லாவிட்டால் எல்லோரும் ஆமாம் என்று சொன்னதாகப் பொருள். சின்ன மரச்சுத்தியல் மேசையில் ஒரு தட்டுத் தட்டும். அவ்வளவுதான், முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர் யார் என்று கேட்டால் கூட்டம் என்பார்கள்.

தலைவர் அன்னெலி. புதுமைத் திட்டங்களின் ஒருங்கிணைப்பாளர். புதுமை எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. ஒருங்கிணைத்தது நிறைய.

முதல் கூட்டத்தில் சுற்றுச்சூழல் துறையின் ஸ்வெர்கர் பேசினார்.

“காடு எல்லாருக்கும் பொது. யார் வேணும்னாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் பறிக்கலாம். ஆனா நிக்கிற மரத்துலேருந்து ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது. அதுதான் சட்டம். இதுல என்னடான்னா, மரத்தைச் சொடுக்கினா குச்சி ஒடியுது. நகராட்சியே திருடக் கத்துக்குடுக்குதா?”

“வேற எப்படி மரம் கிடைக்கும்?” என்று கேட்டான் ஈவார்.

“சொந்த நிலத்துல, கோடரியால வெட்டினா தப்பில்லை.”

“கோடரி செய்யறதுக்கே மரம் வேணுமே.”

“நல்ல கருத்து,” என்றார் ஸ்வெர்கர்.

எங்கள் அலுவலகங்களில் நல்ல கருத்து என்று சொன்னால், அது அடக்கம் செய்யப்பட்டது என்று அர்த்தம். ஈவாருக்கு அது தெரியும். இருந்தாலும் கீழே விழுந்து கிடக்கும் கிளைகளையாவது பொறுக்கலாமா என்று கேட்டான். விழுந்த மரம் வண்டுகளின் வீடு என்றார் ஸ்வெர்கர். சரி, ஆட்டம் தொடங்கும்போதே ஆட்டக்காரர் கையில் ஒரு கோடரியைக் கொடுத்துவிடலாம் என்றான் ஈவார்.

இப்போது தெரேஸ் வாயைத் திறந்தாள். சம வாய்ப்புக்கும் விழுமியங்களுக்குமான ஆலோசகர்.

“ஒரு நிமிஷம். கையில கோடரியோட பிறக்கிறவங்க யாரு? அப்பன் வழி வந்த கோடரியா அது? இல்லாதவங்க இதைப் பாத்தா எப்படி உணர்வாங்க? நம்ம விளையாட்டுல எல்லாரும் ஒண்ணுமில்லாமதான் தொடங்கணும்.”

மௌனம். கூட்டம் ஏற்கிறதா? சுத்தியல்.

இப்படியாக, மரம் வெட்டக் கோடரி தேவை, கோடரி செய்ய மரம் தேவை என்ற நிலை சட்டப்படி நிறுவப்பட்டது. ஈவார் வீட்டுக்கு வந்து சொன்னபடியே நிரலை மாற்றினான். கூலிக்கு வேலை செய்கிறவன் வேறென்ன செய்வான்?

நான்காம் கூட்டத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதி வந்தார். விளையாட்டில் ஒரு மர அறுவை ஆலை உண்டு. ஐந்து விநாடிக்கு ஒரு பலகை அறுக்கும். அதற்கு ஓய்வே இல்லை என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார்.

“அங்க வேலை பாக்கறவனுக்குக் காப்பி இடைவேளை எங்க? கோடை விடுமுறை எங்க?”

“அங்க ஆளே இல்லீங்க,” என்றான் ஈவார். “வெறும் எண்ணுதான் கூடுது.”

“எல்லா முதலாளியும் இதைத்தான் சொல்றான்.”

கூட்டம் ஏற்றது. ஒன்பதரைக்கும் இரண்டரைக்கும் ஆலை கால் மணி நேரம் நிற்கும். ஜூலை மாதம் முழுவதும் விளையாட்டே மூடியிருக்கும். நாட்டில் எல்லாம் மூடியிருக்கும்போது இது மட்டும் திறந்திருந்தால் நன்றாக இருக்காது. அதே கூட்டத்தில் ஸ்வெர்கர் கைதூக்கி, விளையாட்டின் பழமான அவுரிநெல்லி மார்ச்சிலும் நவம்பரிலும் காய்ப்பது இளைஞர்களுக்குத் தவறான செய்தியைச் சொல்கிறது, அதை ஜூலையில் மட்டும் காய்க்க வைக்க வேண்டும் என்றார். அதையும் கூட்டம் ஏற்றது. விளையாட்டு மூடியிருக்கும் மாதத்தில் மட்டும் அதில் பழம் காய்க்கும் என்பதை ஈவார் கவனித்தான். ஆனால் சுத்தியல் விழுந்துவிட்டது. எல்லோரும் கோப்பைகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்க எழுந்துவிட்டார்கள்.

கல் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். கல்லைத் தொல்லியல் பார்வையில் ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருந்தார்கள். அது முடிவு சொல்லும்வரை கல்லைத் தொட முடியாது.

ஆகஸ்டில் விளையாட்டைக் குடிமக்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். நூலகத்தில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார்கள். திரையில் மரம் பூஜ்யம், கல் பூஜ்யம், பழம் பூஜ்யம். கீழே சாம்பல் நிறப் பொத்தான்கள். எதைச் சொடுக்கினாலும் எதுவும் நடக்காது. அவர்கள் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு படிவத்தை நிரப்பினார்கள். பன்னிரண்டில் ஒன்பது பேர் திருப்தி. ‘மனதுக்கு அமைதியாக இருந்தது’ என்று ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார். மற்ற மூவரில் ஒருவர், ‘இதில் எப்போது ஏதாவது நடக்கும்?’ என்று கேட்டிருந்தார். மீதி இரண்டு பேர் தவறான அறைக்கு வந்தவர்கள்.

அந்த ஒருவருடைய கேள்வியை எடுத்துக்கொள்ள ஏழாம் கூட்டம் கூடியது. ஏன் எதுவும் நடப்பதில்லை என்று ஈவாரிடம் கேட்டார்கள். அவன் பொறுமையாக விளக்கினான். ஒரு பொருளைச் செய்வதற்கு முன், வேண்டியவை இருக்கிறதா என்று நிரல் பார்க்கிறது. எதுவும் இல்லை, ஏனென்றால் எதுவும் கிடைக்க வழியில்லை. அதனால் பொத்தான் சாம்பலாகவே இருக்கிறது.

“இந்தப் பாக்கறது யாரு சொல்லி நடக்குது?” என்றாள் தெரேஸ்.

“யாரும் சொல்லலை. அப்படித்தான் இது வேலை செய்யும்.”

“அதாவது ஒரு குடிமகன் வந்து கோடரி வேணும்னு கேக்கறாரு. நாம உடனே அவரைச் சந்தேகப்படறோம். உங்கிட்ட இருக்கா, காட்டுன்னு கேக்கறோம். இந்தச் சமுதாயம் எது மேல நிக்குது, ஈவார்? நம்பிக்கை மேலதானே?”

“இது இருப்பு. இருப்புல நம்பிக்கை கிடையாது. எண்ணிக்கைதான்.”

“எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு,” என்றாள் தெரேஸ். அறையில் இருந்த எல்லோரும் அவளுடைய வருத்தத்தை மதித்துத் தலைகுனிந்தார்கள். அன்னெலி கேட்டார்: கூட்டம் ஏற்கிறதா?

பார்க்கும் வரி நீக்கப்பட்டது. சாம்பல் நிறப் பொத்தானும் மக்களை ஒதுக்குகிறது என்பதால் எல்லாப் பொத்தான்களும் பச்சையாயின.

அன்று மாலை தம்பி எனக்குத் தொலைபேசினான்.

“அண்ணா, அடுத்த கூட்டத்துல எழுந்து முடியாதுன்னு சொல்லிடட்டுமா? எம் பேரு இருக்கு அதுல.”

“கூட்டத்துல யாராவது அப்படிச் சொல்லியிருக்காங்களா?”

“இல்லை.”

“அப்ப நீ ஏன் முதல் ஆளா? கூச்சல் போடறது நம்ம வீட்டு வழக்கமில்ல. வேலையை ஒழுங்கா செஞ்சு குடு. வேலை பேசும்.”

இதை நான்தான் சொன்னேன். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட முடியாது. தோர்னெல்கள் கூட்டத்தில் குரல் உயர்த்துவதில்லை என்பதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது.

பார்க்கும் வரி போனதும் விளையாட்டு உயிர்பெற்றது. கையில் ஒன்றுமில்லாதவர் கோடரிப் பொத்தானை அழுத்தினால் கோடரி வரும். மரம் பூஜ்யத்திலிருந்து ஒன்று கழிந்து, கழித்தல் ஒன்று என்று காட்டும். கல் கழித்தல் இரண்டு. இன்னும் அழுத்தலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் ஒரே வாரத்தில் நாலாயிரத்து நூறு குடில் கட்டினார். அவரிடம் மரம் கழித்தல் இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் இருந்தது.

ஒன்பதாம் கூட்டத்தில் கழித்தல் குறி பற்றிப் பேசினார்கள். அதைப் பார்க்கிறவருக்குக் குற்ற உணர்வு வருகிறது என்றாள் தெரேஸ். அப்படியானால் பூஜ்யம் என்றே காட்டலாமா என்றார் அன்னெலி. பூஜ்யம் இன்னும் வருத்தமானது. கடைசியில் ஸ்வெர்கருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் நாட்டில் எதையும் அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. ஆகையால் எண்களையே எடுத்துவிட்டு, ‘போதுமானது’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிடலாம்.

மரம்: போதுமானது. கல்: போதுமானது. பழம்: போதுமானது.

கூட்டத்தில் கைதட்டினார்கள். குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது, பக்கம் நூற்று முப்பத்தொன்று.

விளையாட்டு செப்டம்பரில் வெளியானது. நவம்பரில், நம்பிக்கை அடிப்படையிலான வள மேலாண்மைக்காக அதற்கு ஒரு விருது கிடைத்தது. கண்ணாடியில் செய்த, பனிக்கட்டி மாதிரியான ஒரு கட்டி. விழாவில் அன்னெலி பேசியது அச்சில் இருக்கிறது.

“ஒண்ணுமே இல்லாத இடத்துலேருந்து நாங்க தொடங்கினோம்,” என்றார். “பதினாலு கூட்டத்துக்கு அப்புறமும் அதே இடத்துலதான் நிக்கறோம். ஆனா இப்ப எல்லாரும் சேர்ந்து நிக்கறோம். அதுதான் இந்தப் பயணத்தோட அழகு.”

மேடையில் தம்பியையும் நிறுத்தியிருந்தார்கள். புகைப்படத்தில் அவன் மட்டும் சிரிக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். விளையாட்டு முட்டாள்தனமாக இருப்பதில் தவறு இல்லை. ஆனால் ஆல்மோஸா நகராட்சிக்கு மறுபயன்பாட்டுக் கொள்கை என்று ஒன்று உண்டு. ஒரு துறை செய்ததை இன்னொரு துறை திரும்பவும் செய்யக் கூடாது. சாலைத் துறைக்கு அந்தச் சமயம் ஒரு நிரல் தேவைப்பட்டது. குளிர்காலத்தில் வழுக்கும் சாலையில் தூவுவதற்குச் சரளை வைத்திருக்கும் கொட்டகையின் இருப்பைப் பார்த்துக்கொள்ள. சாலைத் துறைத் தலைவர் ஷெல், விருது வாங்கிய நிரல் கையிலேயே இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததில் குற்றமில்லை, நல்ல ஆல்மோஸாக்காரர் அப்படித்தான் நினைப்பார். மரம் என்று இருந்த இடத்தில் சரளை என்று மாற்றினார்கள். கல் என்று இருந்த இடத்தில் உப்பு. குடில் என்று இருந்த இடத்தில் தெருக்களின் பெயர்கள். தலையில் இருந்த ‘எழுதியவர்: ஈவார் தோர்னெல்’ என்பதை மட்டும் மாற்றவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்தது. தெருவெல்லாம் கண்ணாடி. ஷெல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தெருவுக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினார். தேவாலயத் தெரு: தூவப்பட்டது. பள்ளி மேடு: தூவப்பட்டது. சரளை: போதுமானது. லாரிக்காரர்கள் கொட்டகையைத் திறந்தபோது சிமெண்டுத் தரையும் ஒரு துடைப்பமும் இருந்தன. அவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். ஷெல் திரையைப் பார்த்துவிட்டு, “நல்லா பாருங்கப்பா, இருக்கே,” என்றார்.

அன்று பகல் ஒரு மணிக்குள் பதினொரு மணிக்கட்டுகளும் ஓர் இடுப்பும் உடைந்தன. பேருந்து ஒன்று பள்ளி மேட்டில் பின்பக்கமாகவே இறங்கி, நகராட்சி அலுவலகத்தின் சைக்கிள் நிறுத்தத்தில் போய் நின்றது. இடுப்பு உடைந்தவர் நாலாயிரத்து நூறு குடில் கட்டிய பல் மருத்துவர். மருத்துவமனையில் படுத்துக்கொண்டும் அவர் நகராட்சியைத் திட்டவில்லை. இதை யார் செய்தார்கள் என்று மட்டும் கேட்டார். யாரோ நிரலைத் திறந்து பார்த்து, மேலே எழுதியிருந்ததை ஊருக்குச் சொன்னார்கள்.

இரண்டு வாரத்தில் எங்கள் பெயர் ஒரு சொல்லாகிவிட்டது. ஆல்மோஸாவில் தெருவில் சரளை இல்லையென்றால், தோர்னெல் தூவியிருக்கிறான் என்றார்கள். பெட்ரோல் தீர்ந்து கார் நின்றால், தோர்னெல் அளவு போட்டேன் என்றார்கள். கடையில் வரிசையில் நிற்கும்போது, என்னோடு ஆலையில் முப்பது ஆண்டு வேலை செய்த ரூணே பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

“என்ன தோர்னெல், ரெண்டு பொட்டலம் காப்பித்தூள் வாங்குற? வீட்டுல போதுமானது இல்லையா?”

வரிசை சிரித்தது. கல்லாவில் இருந்தவளும் சிரித்தாள். நான் ஒரு பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் காப்பி இல்லாமல் இருந்தேன்.

பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வந்தது. நாற்பது பக்கம். யாரையும் குற்றம் சாட்டுவது அறிக்கையின் நோக்கம் அல்ல என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. முடிவு ‘பொதுவான கற்றல்’ என்பது. நடந்தது எல்லோருக்கும் ஒரு பாடம். ஆகவே யாருக்கும் தனியாக அது பொருந்தாது. அறிக்கையில் அன்னெலியின் பெயர் இல்லை. தெரேஸ் இல்லை, ஸ்வெர்கர் இல்லை, ஷெல் இல்லை. அவர்கள் இருந்த இடத்திலெல்லாம் ‘அமைப்பு’ என்று இருந்தது. பின்னிணைப்பு மூன்றில் மட்டும் ஒரு பெயர் இருந்தது. ‘நிரலை எழுதியவர்: ஈவார் தோர்னெல். பதினான்கு கூட்டங்களிலும் பங்கேற்றார். எந்த மாற்றத்துக்கும் மறுப்புத் தெரிவித்ததாகப் பதிவு இல்லை.’

இதை ஏற்றுக்கொள்ளக் கூட்டப்பட்ட கூட்டத்துக்கு நானும் போனேன். பொதுமக்கள் சுவரோரமாக உட்காரலாம். என்னைத் தவிரப் பொதுமக்கள் யாரும் வரவில்லை. நான் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டை கட்டியிருந்தேன். தம்பி கம்பளிச் சட்டையில் இருந்தான். வாசலில் அவனிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக அவன் காலரைச் சரிசெய்தேன்.

காப்பி வந்தது. ரொட்டி வந்தது. அன்னெலி அறிக்கையைப் பாராட்டினார். ஷெல் பாராட்டினார். தெரேஸ் இந்தக் குளிர்காலத்தில் தான் தனிப்பட்ட முறையில் நிறைய வளர்ந்திருப்பதாகச் சொன்னாள். பிறகு அன்னெலி சுத்தியலை எடுத்தார்.

“கூட்டம் இதை ஏற்கிறதா?”

“இல்லை,” என்றான் ஈவார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் அந்தச் சொல் அதுவரை கேட்டதே இல்லை போலும். குறிப்பு எழுதுகிறவர் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

“மன்னிக்கணும்,” என்றார் அன்னெலி. “நான் திரும்பக் கேக்கறேன். கூட்டம் இதை ஏற்கிறதா?”

“இல்லை.”

“ஈவார், நீங்க ‘ஆமா, ஆனா’ன்னு சொல்ல வர்றீங்களா?” என்று உதவிக்கு வந்தார் ஸ்வெர்கர்.

“இல்லை. இல்லைன்னுதான் சொல்ல வர்றேன்.”

“இது எந்த மாதிரி இல்லை?” என்றாள் தெரேஸ். “இப்போதைக்கு இல்லையா, இந்த வடிவத்துல இல்லையா? அதுக்குப் பின்னாடி என்ன உணர்வு இருக்கு?”

“உணர்வு ஒண்ணும் இல்லீங்க. இருக்கான்னு பாக்கற ஒரு வரியை நான் எழுதியிருந்தேன். ஏழாவது கூட்டத்துல நீங்க அதை எடுக்கச் சொன்னீங்க. பேரு போடறதா இருந்தா அதுக்குப் பக்கத்துல உங்க பேரைப் போடுங்க. நான் வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன். அதையும் போடுங்க, அது நெசம். ஆனா நானே எடுத்தேன்னு எழுதாதீங்க.”

“பேர் சொல்லி எழுதறது நம்ம பண்பாடு இல்லை, ஈவார்.”

“எம் பேரை எழுதியிருக்கீங்களே.”

“அது பேர் இல்லை,” என்றார் அன்னெலி, மிகுந்த கனிவோடு. “அது ஆவணம்.”

இந்த வாக்குவாதத்தில் ஷெல் இதுவரை தலையிடவில்லை. அவருக்கு ஒரு சமரசம் தோன்றியது. “பொறுப்பை எல்லாரும் சமமாப் பிரிச்சுக்கலாமே. பதினாலு பேர் இருக்கோம். ஆளுக்குப் பதினாலுல ஒரு பங்கு. அதுல என்ன கஷ்டம்?”

“பதினாலு பேர்ல நான் ஒருத்தன்தான், சரக்கு இருக்கான்னு பாக்கணும்னு சொன்னவன்,” என்றான் ஈவார். “மத்தவங்க பங்கை மத்தவங்க எடுத்துக்கங்க.”

அன்னெலி இடைவேளை விட்டார். எங்கள் ஊரில் இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் ஒத்துப்போவது வழக்கம். வெறும் வயிற்றில்தான் மாறுபாடு வரும் என்ற நம்பிக்கை. இரண்டாம் சுற்று ரொட்டி வந்தது. ஒவ்வொருவராக ஈவாரிடம் வந்து, தோளைத் தொட்டு, தாங்களும் உள்ளுக்குள் அவன் சொல்வதைத்தான் நினைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். குறிப்பு எழுதுகிறவரும் வந்து சொன்னார். பிறகு உட்கார்ந்தார்கள். கூட்டம் இதை ஏற்கிறதா? பதின்மூன்று பேர் மௌனமாக இருந்தார்கள்.

“இல்லை.”

என் முதுகு தானாக நிமிர்ந்தது. வயதானவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒருமித்த கருத்து இல்லாமல் முடிவு எடுக்க ஆல்மோஸாவில் ஏற்பாடு இல்லை. அறிக்கை ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாததால் வெளியிடப்படவில்லை. வெளியிடப்படாததால் பின்னிணைப்பு மூன்றும் இல்லை. ‘இல்லை’ என்பது ஒரு கருத்தா அல்லது நடத்தையா என்று ஆராய ஒரு பணிக்குழு அமைத்து, கேள்வியைப் பதினொரு துறைகளுக்குச் சுற்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஷெல் பக்கத்து நகராட்சியிலிருந்து சரளை வாங்கிக் கொட்டகையை நிரப்பினார். திரை அதற்கு முன்பும் போதுமானது என்றது. பின்பும் அதையே சொல்கிறது. ஈவாருக்கு நகராட்சி வேலை இனி வராது. அது ஒரு பேச்சே இல்லை.

கடையில் ரூணே இன்னும் கிண்டல் செய்கிறான். ஒரு முறை போதுமானதா என்று கேட்டபோது நான் திரும்பி, “இல்லை,” என்றேன். அவன் தன் கூடையில் இருந்ததை எண்ணத் தொடங்கினான். அந்தச் சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாத ஊர்.

மார்ச்சில் கூட்டக் குறிப்பின் நகலைப் போய் வாங்கினேன். இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், முத்திரையும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பேர் சொல்லி எழுதாத அந்த அலுவலகம் எழுதியிருந்தது: ‘ஈவார் தோர்னெல் கூட்டத்தின் நல்லிணக்கத்தைக் குலைத்தார்.’ கூடவே ஒரு கடிதமும் வந்தது. இந்த வாசகம் தன்னைப் புண்படுத்துவதாக ஈவார் கருதினால், மூன்று வாரத்துக்குள் திருத்தம் கோரலாம்.

தம்பியைக் கேட்டேன். “நீயே பாத்துக்க அண்ணா,” என்றான்.

மூத்தவன் என்ற முறையில் நான் பதில் எழுதினேன். வாசகத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தோம். உண்மைதான். அதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். உறவினர்களுக்குக் கொடுக்க இன்னும் ஆறு பிரதிகள் தேவைப்படுகின்றன, முத்திரையோடு அனுப்பிவைக்கவும்.